பாய் பகடை தொட்டதில்லை

அன்று அந்த வீட்டுக்குப் போனது யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சூர் வண்டிக் கண்டக்டர். டூட்டியை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு, காக்கி போடாமல் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

ஹட்டிக்காரர். ஹட்டி என்கிற படகர் ஊர்க்காரர். கோத்தகிரிக்குக் கீழே இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தார். இலைக்கு விலை இல்லை, பறிகூலி கட்டாது என்று விட்டதில் செடி நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்து மரமாகிக்கொண்டிருந்தது.

இலை பறிக்கிற அக்கா. ஐம்பது வயதிருக்கும். சின்னப் பெண்ணாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் பேர் பதிந்து வேலை பார்த்த தோட்டத்தைப் பூட்டி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

நான். தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. வாரம் ஆறு நாள் இருந்தது, அப்போது இரண்டு நாள்.

அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர். பாயின் மச்சான் நாற்காலியில். பாயின் மனைவி பாயம்மா திரைக்குப் பின்னால்.

பாய் இல்லை. அவரை அடக்கம் செய்து ஆறு நாள் ஆகியிருந்தது.

பாய்க்குக் கோத்தகிரி பஜாரில் கடை. ரப்பர் பூட்ஸ், குடை, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, இலை பறிக்கிறவர்கள் மழைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கு. தேயிலையை நம்பிய கடை. தேயிலை விழுந்ததும் கடையும் விழுந்தது. நாள் முழுக்கத் திறந்து வைத்திருப்பார், ஒரு ஜோடி பூட்ஸ் போகாது.

கடை வைப்பதற்கு முன்னால் அவர் ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம். அந்தப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுவார்களாம். ஒருவன் கதை சொல்வான். இருட்டுக் குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம். ஒருவன் வீரன், ஒருவன் திருடன். கத்தி எடுக்கிறேன் என்பான் ஒருவன், ஓடுகிறேன் என்பான் இன்னொருவன். நடக்குமா நடக்காதா என்பதற்குப் பகடை. இருபது முகம் உள்ள பகடை. பாய் பாத்திரம் எடுக்கிற சாக்கில் நின்று நின்று கேட்டிருக்கிறார். இங்கிலீஷ் அவருக்குக் காது வழியாகத்தான் வந்தது. ஒரு வருஷம் ஊருக்குப் போன பிள்ளைகள் புத்தகத்தையும் பகடைப் பையையும் அறையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். குப்பைக்குப் போக வேண்டியது. பாய் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தை எங்கோ யாரோ கண்டுபிடித்திருப்பார்கள். அவர்கள் எனக்குத் தெரியாது. இந்த மலையில் அதை முதலில் ஆடவைத்தவர் எங்கள் பாய். அவருக்கு முன்னால் இங்கே யாரும் ஆடியதாக நான் கேள்விப்படவில்லை. பிறகு கண்டக்டர் கூடலூருக்கு ஆறு மாதம் மாற்றலில் போனார். அங்கே ஸ்ரீமதுரையில் ஒரு கூட்டத்துக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்கள் மலையாளம் கலந்து ஆடுவார்களாம். எல்லாம் பாயிடமிருந்து போனது.

எங்களுக்கு அது ஒரு மழை நாளில் ஆரம்பித்தது. அக்கா படங்கு விலை கேட்க வந்திருந்தார், வாங்க இல்லை. நான் ஃபேக்டரியில் இன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியதால் வந்தவன். கண்டக்டர் வண்டி மண்சரிவில் நின்றுவிட்டது. ஹட்டிக்காரர் எதற்கு வந்தார் என்று நினைவில்லை. மழை விடவில்லை. யாருக்கும் போகிற இடமும் இல்லை. பாய் கேட்டார்.

"சும்மா நிக்கறதுக்கு ஒண்ணு கேக்கறேன். நீங்க நாலு பேரும் குந்தா சுரங்கத்துக்குள்ள இருக்கீங்க. வெளக்கு ஒண்ணுதான். பின்னாடி வழி அடைஞ்சு போச்சு. என்ன செய்வீங்க?"

"விசிலடிச்சு வண்டிய நிறுத்துவேன்," என்றார் கண்டக்டர்.

"உள்ள கொழுந்துக்கு வெல உண்டுங்களா?" என்றார் ஹட்டிக்காரர்.

"ரெண்டு மடங்கு உண்டு."

"அப்ப நான் வெளிய வர்றாப்ல இல்லீங்க."

பாய் சிரிக்கவில்லை. "சரி. நீங்க உள்ளயே நடக்கறீங்க. பத்தடில ஒரு இரும்புக் கதவு. தொட்டா சுடுது." அக்கா படங்கைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பக்கம் சுடுது, மேலயா கீழயா?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான்கு வருஷம் போயிற்று.

புத்தகத்தில் இருந்த குகையை அவர் குந்தா மின்சாரச் சுரங்கமாக மாற்றிவிட்டார். இந்தப் பக்கத்து ஆட்கள் தோண்டிய சுரங்கம். அதனால் ஆட்டத்துக்கு எங்கள் பேர் சுரங்கம். "இன்னிக்குச் சுரங்கம் உண்டா?" என்று பஜாரில் கேட்டுக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆள். என் ஆள் விளக்குப் பிடிக்கிறவன். கண்டக்டருடையவன் அரண்மனைக் காவல்காரன். பூதம் வந்தாலும் முதலில் டிக்கெட் கேட்பான். ஹட்டிக்காரருடையவன் வைத்தியன். அக்காவினுடையவள் திருடி. தோட்டத்தில் முப்பது வருஷம் ஒரு கிள்ளு தேயிலைத் தூள் எடுக்காத அக்கா, சுரங்கத்துக்குள் கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்தார்.

ஆள் செத்தால் செத்ததுதான். அடுத்த வாரம் வேஷம் அதுவேயானாலும் புது ஆளோடு வர வேண்டும். பாய் அதில் இரக்கம் பார்க்க மாட்டார்.

எதற்குப் பெரியவர்கள் இப்படி ஆடினீர்கள் என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்த வருஷங்களில் எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஃபேக்டரி கேட்டில் இன்றைக்கு வேண்டாம் என்பார்கள். இலை விலையை ஏலத்தில் எங்கோ யாரோ போட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் பாதி வீடு பூட்டிப் பிழைப்புக்குத் திருப்பூர் போயிற்று. பாய் ஒருவர்தான் எங்கள் முகத்தைப் பார்த்து, நீ இப்ப என்ன செய்யப் போறே என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பார்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கோயமுத்தூருக்குக் கொண்டு போனார்கள். அங்கேயே முடிந்துவிட்டது. அன்றைக்கே கொண்டுவந்து அன்றைக்கே அடக்கம். எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். கண்டக்டர் பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். மண் போடக்கூடப் போக முடியவில்லை.

பூட்டின கடை முன்னால் நான்கு பேரும் நின்றோம். ஏதாவது செய்ய வேண்டும் என்று ஹட்டிக்காரர் சொன்னார். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். யார் செத்தாலும் இங்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அச்சாபீசுக்குப் போனோம்.

அச்சாபீஸ்காரர் படம் கேட்டார். பாயின் போட்டோ எங்களிடம் இல்லை.

"படமில்லாம அஞ்சலி நல்லா இருக்காதுங்க. மெழுகுவத்தி போட்டுக்கலாமா, தாமரையா?"

"பாய்க்குத் தாமரை எதுக்கு?" என்றார் அக்கா.

அப்போது ஆட்டப் புத்தகம் என் வீட்டில் இருந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. படம் பார்க்க வாங்கி வைத்திருந்தேன். அட்டையில் பெரிதாக அந்த இருபது முகப் பகடை. உலகத்தில் எங்கே இந்த ஆட்டம் ஆடினாலும் இதுதான் அடையாளம் என்று பாயே சொல்லியிருக்கிறார். நான் ஓடிப் போய் எடுத்துவந்து கொடுத்தேன். அச்சாபீஸ்காரர் நன்றாக இருக்கிறது என்றார்.

கண்ணீர் அஞ்சலி. கீழே பகடை. அதற்குக் கீழே, எங்களை வழிநடத்திய சுரங்கத் தலைவர் பூட்ஸ் கடை பாய்க்கு. கடைசியில், ஆட்டக் குழுவினர், கோத்தகிரி.

பசை காய்ச்சி நாங்களே ஒட்டினோம். பஜார், பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் கேட். பள்ளிவாசலுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு. அங்கே ஒட்டினால் அவருடைய ஆட்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தோம். பார்த்தார்கள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பஜாரில் பேச்சு பரவிவிட்டது. பாய் கடைக்குப் பின்னால் நான்கு வருஷமாகச் சூதாட்ட கிளப் நடந்ததாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தது அதற்குத்தானாம். கடை படுத்ததும் அதனால்தானாம்.

நான் அதுவரை ஒன்றை யோசிக்கவே இல்லை. பாய் பகடையைத் தொட்டதில்லை. ஒரு தடவைகூட இல்லை.

முதல் வாரமே கண்டக்டர் அந்தப் பையை அவிழ்த்துப் பகடையை எடுத்தார். பாய் அவர் கையிலிருந்து வாங்கவில்லை, மேசையைக் காட்டி அங்கே வை என்றார். "பணம் வெச்சாலும் வெக்காட்டியும் எங்க மார்க்கத்துல இது ஆகாது. நான் உருட்ட மாட்டேன். நீங்க உருட்டி நான் பாக்கறதும் வேண்டாம்." கண்டக்டர் பகடையைத் திரும்பப் பைக்குள் போட்டதும், பையை டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டார். அப்புறம் எப்படி ஆடுவது என்று யோசித்தோம். எங்கள் ஃபேக்டரியில் இலை மூட்டைக்குக் கட்டுகிற நம்பர் போட்ட தகர வில்லைகள் உண்டு. இலை கொண்டுவருகிறவர்கள் குறைந்துபோய் வில்லை சும்மா கிடந்தது. ஒன்றிலிருந்து இருபது வரை கேட்டு வாங்கி வந்தேன். பாய் விற்காத ஒரு பத்தாம் நம்பர் பூட்ஸை எடுத்தார், இடது கால். வில்லையை அதற்குள் போட்டுக் குலுக்கினார். ஆடுகிறவர் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டியது, பெரிய நம்பர் வந்தால் நினைத்தது நடக்கும். நான்கு வருஷமும் அந்தப் பூட்ஸ்தான்.

அப்படிப்பட்டவர் அஞ்சலியில் நான் பகடையைப் போட்டேன்.

ஐந்தாம் நாள் பாயின் மச்சான் ஃபேக்டரி கேட்டுக்கு வந்தார். மேட்டுப்பாளையத்தில் மரக்கடையில் இருப்பவர். பெரிய தாடி, மெதுவான பேச்சு. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"பஜார் பேசறது பேசட்டுங்க. தங்கச்சி ராத்தூக்கம் இல்லாம இருக்குது. அவரு சூதாடினாரான்னு அதுக்குத் தெரியணுமாம். நாலு பேரும் வந்து அதுகிட்டச் சொல்லிட்டுப் போயிருங்க."

அவர்களில் புருஷன் இறந்தால் பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்களைப் பார்க்கக் கூடாது. பாயம்மா அத்தனை நாளும் அந்த அறைக்குள் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் சோறு போட்ட கைக்கு அவர் கொண்டுவந்தது என்ன காசு என்று. அதை நாங்கள்தான் அவர் தலையில் வைத்தோம்.

அன்று சாயங்காலமே போஸ்டரை எல்லாம் கிழித்தோம். மழையில் ஊறியிருந்ததால் லேசாக வந்தது. பள்ளிவாசலுக்கு எதிரில் இருந்ததை யாரோ முன்னமே கிழித்திருந்தார்கள். மறுநாள் வீட்டுக்குப் போனோம்.

நடு அறையில் கோரைப்பாய் விரித்திருந்தது. உள் அறை வாசலில் பச்சைப் பெட்ஷீட்டைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். பால் விடாத டீ கொடுத்தார்கள். நல்ல டஸ்ட் தூள்.

மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு போஸ்டரை எடுத்து விரித்தார்.

"இது யாரு போட்டது?"

"நாங்கதான்," என்றேன்.

"இந்தப் படம்?"

"நான் குடுத்தது."

"மௌத்தானவருக்கு இப்படி ஒட்டறது எங்கள்ல வழக்கமே இல்லீங்க. அதுல பகடைய வேற போட்டு, பள்ளிவாசலுக்கு எதுத்தாப்ல ஒட்டியிருக்கீங்க."

"அந்தச் செவுரு காலியா இருந்துச்சுங்க," என்றார் கண்டக்டர்.

அக்கா அவர் தொடையில் கிள்ளினார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சின்னக் குரல். நான்கு வருஷத்தில் அன்றுதான் கேட்கிறோம்.

"எத்தன வெச்சு ஆடினீங்க?"

"ஒண்ணும் வெக்கலீங்கம்மா," என்றார் ஹட்டிக்காரர். "வெக்கறதுக்கு எங்ககிட்ட என்னங்க இருந்துச்சு?"

"வெக்காம யாரு பகடை உருட்டுவாங்க?"

"உருட்டலீங்கம்மா."

"அப்ப இந்தப் படம்?"

நான் சொல்லப் பார்த்தேன். இது பகடை ஆட்டம்தான், ஆனால் பகடை இல்லை. பகடைக்குப் பதில் பூட்ஸ். பூட்ஸுக்குள் தகரம். ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சுரங்கத்துக்குள் போவோம். போவோம் என்றால் போக மாட்டோம், கடையில்தான் உட்கார்ந்திருப்போம். சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போயிற்று. எனக்கே நான் பொய் சொல்கிறாற்போலத் தெரிந்தது.

மச்சான் தாடியைத் தடவினார். "பணமும் இல்ல, பகடையும் இல்லன்னா அப்பறம் எதுக்குங்க ஆடறது?"

"இதேதாங்க எங்க ஊட்டுக்காரியும் கேட்டா," என்றார் கண்டக்டர். "நாலு வருசமாக் கேக்கறா."

யாரும் சிரிக்கவில்லை. வந்த காரியம் கெட்டுவிட்டது என்று எனக்குப் பட்டது.

அக்கா எழுந்தார். "இந்தா, நான் உள்ள வாறேம்மா," என்று திரையை ஒதுக்கி உள்ளே போய்விட்டார். அவர் பெண், போகலாம். உள்ளே பாயம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே என்னை அதட்டினார்.

"வெட்டிப் பேச்சு வேணாம். ஒருவாட்டி நாம எப்படிச் செத்தோம்னு சொல்லு. அந்தத் தொட்டியச் சொல்லு."

எனக்குப் பேசிப் பழக்கமில்லை. பாய் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன்.

சுரங்கத்துக்குள் மூன்று நாள். தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு அறை வருகிறது. அதில் இரண்டு தொட்டி. ஒன்றில் தண்ணீர் கண்ணாடி மாதிரி, அடிக்கல் தெரிகிறது. இன்னொன்று கலங்கல், புழு நெளிகிறது. பாய் எங்களைப் பார்த்துக் கேட்கிறார், எதைக் குடிப்பீங்க?

இந்த இடத்தில் பாயம்மா குறுக்கே பேசினார்.

"தெளிஞ்ச தண்ணியக் குடிச்சீங்களா?"

"ஆமாங்கம்மா."

"எத்தன பேரு?"

"நாலு பேரும்."

"அய்யோ. புழு பொழைக்கற தண்ணிலதான் மனுசனும் பொழைப்பான். புழுகூட இல்லாத தொட்டில என்னமோ கலந்திருக்குன்னு தெரிய வேண்டாமா?"

நான் டீயைக் கீழே வைத்தேன். பாய் அன்றைக்கு நாங்கள் செத்த பிறகு சொன்ன சொல் அது. புழு பொழைக்கற தண்ணிலதான் மனுசனும் பொழைப்பான். ஒரு சொல் மாறவில்லை. அதைச் சொன்னபோது கடையில் எங்கள் ஐந்து பேரைத் தவிர யாரும் இல்லை.

"உங்களுக்கு எப்படிங்கம்மா தெரியும்?" என்று கண்டக்டர் கேட்டார்.

"நான்தானே அவருக்குச் சொன்னேன்."

பிறகு அவரே சொன்னார்.

"சோறு திங்கும்போது இப்படித்தான் ஏதாவது கேப்பாரு. ரெண்டு தொட்டி இருக்குது, நீ எதக் குடிப்பேம்பாரு. இந்த மனுசனுக்கு என்ன ஆச்சுன்னு இருக்கும். கடையில யாவாரம் இல்லாம புத்தி இப்படிப் போகுதுன்னு நெனச்சுக்குவேன். எனக்குத் தோணினதச் சொல்லுவேன். எங்கம்மா ஊட்டுல மருந்தடிக்கற டிரம்ல தண்ணி புடிச்சு வெச்சா, அதுல புழுவே வைக்காது. அத நெனச்சுச் சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கையக் கழுவிட்டுப் போயிருவாரு."

ஹட்டிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப என்ற வைத்தியனக் கொன்னது நீங்களாங்கம்மா?"

உள்ளே அக்கா சிரித்துவிட்டார். அதோடு இன்னொரு சிரிப்பும் வந்து, பாதியில் வாயை மூடிக்கொண்டது கேட்டது.

"தங்கச்சி," என்றார் மச்சான்.

"இருங்கண்ணே. ஏம்ப்பா, அந்த வெளக்கு அறைக்குப் போனீங்களா? கதவு தெரியாத அறை?"

அது என் ஆள். நான்கு பக்கமும் சுவர். கதவு இல்லை. விளக்கைத் தூக்கித் தூக்கித் தடவிப் பார்த்தேன். காற்று தீர்ந்து அந்த அறையிலேயே செத்தேன்.

"வெளக்க அணைச்சீங்களா?"

"இல்லீங்கம்மா. நான் வெளக்குப் புடிக்கிற ஆளு. எப்படிங்க அணைக்கறது?"

"கரண்டு போனாத்தானே கதவுச் சந்துல வெளிச்சம் தெரியும்? உள்ள வெளக்கு எரிஞ்சா எப்படித் தெரியும்? அணைச்சிருந்தா ஓட்டை தெரிஞ்சிருக்குமே."

நான் அதை மூன்று வருஷம் யோசித்திருக்கிறேன். பாய் கடைசிவரை வழி என்னவென்று சொல்லவில்லை.

"என்னோட திருடி?" என்று அக்கா உள்ளே கேட்பது கேட்டது. "கதவுக்குப் பின்னால பிள்ளை அழுதிச்சு. நான் தொறந்தேன். அது பிள்ளையே இல்ல."

"மூச்சு வாங்காம அழுதுச்சா?"

"ஆமா. ஒரே இழுப்பா."

"பிள்ளைன்னா நடுவுல மூச்சு வாங்கும். மூணு பெத்திருக்கேன், எனக்குத் தெரியாதா. மூச்சு வாங்காத அழுகை பிள்ளை அழுகை இல்லன்னு சொன்னேன்."

"நான் நாலு பெத்தவ. எனக்குத் தெரியல பாரு," என்றார் அக்கா.

அதற்குப் பிறகு உள்ளே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கண்டக்டர் என்னைப் பார்த்தார். மச்சான் எழுந்தார். "ஒண்ணுமில்ல, உக்காருங்க," என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னார். அவர் உட்கார்ந்தார்.

பாயம்மா மறுபடி பேசினார்.

"இத்தன வருசமா நான் சொன்னத எல்லாம் கொண்டு போயி உங்ககிட்டக் குடுத்திருக்காரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு எங்க மேல எரக்கம் வந்துருங்க," என்றார் கண்டக்டர். "அடுத்தவாட்டி லேசாச் சொல்லிருவீங்க. அப்பறம் நாங்க சாக மாட்டோம்."

"வெக்கமா இருந்திருக்கும்ங்க," என்றார் ஹட்டிக்காரர். "எங்க ஊட்டுலயும் நான் சொல்லலீங்க. பேங்குக்குப் போறன்னு சொல்லிட்டுத்தான் வருவேன்."

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். ஒன்றைத் தவிர. "அவரு கை பகடையத் தொடலீங்கம்மா. அந்தப் படம் என் தப்பு. எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இந்தப் படத்தப் பாத்தா ஊரு என்ன நெனைக்கும்னு எனக்குத் தோணல."

"தெரியுதுப்பா," என்றார் பாயம்மா. "சூதாடறவன் பொண்டாட்டிகிட்ட வந்து தண்ணித் தொட்டியக் கேக்க மாட்டான்."

மச்சான் போஸ்டரை மடித்தார். நான்காக மடித்து, எட்டாக மடித்தார். "அது சரிதான் தங்கச்சி. ஆனா பள்ளியில நாலு பெரியவங்க கேக்கறாங்க. பூட்ஸு, தகரம்னு அவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்லட்டும்?"

"கேக்கறவங்க வந்து எங்கிட்டக் கேக்கட்டும். நான் இங்கதான இருக்கேன். நாலு மாசம் எங்கயும் போகப் போறதில்ல."

மச்சான் மடித்த போஸ்டரைச் சட்டைப் பையில் வைத்தார். ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல முடியாது. அப்புறம் பஜாரில் அந்தப் பேச்சு முழுசாக அடங்கவும் இல்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்தும் என்னைக் காட்டி, இவன் பாய் கிளப்பு ஆளு என்று ஒருவன் சொன்னதைக் காதால் கேட்டேன். ஆனால் எங்களைக் கேட்டது பஜார் இல்லை.

கிளம்பலாம் என்று எழுந்தோம். பாயம்மா கேட்டார்.

"நான் சொன்னதுல எத்தன பேரு செத்தாங்க?"

கண்டக்டரிடம் ஒரு நோட்டு உண்டு. செத்த ஆள் ஒவ்வொன்றையும் அதில் எழுதுவார். யாருடைய ஆள், எந்த அறை, எப்படிச் செத்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை, வண்டியில் டிக்கெட் கணக்கு, அந்த வே-பில், எழுதிய கை சும்மா இருக்காது. அதை இடுப்பிலிருந்து எடுத்தார். வெள்ளைச் சட்டைக்குள் செருகி வைத்திருந்திருக்கிறார்.

"எல்லாம் உங்களுதுன்னு சொல்ல முடியாதுங்க. பாய் சொந்தமாவும் கொன்னிருக்காரு."

"படிங்க. எதுன்னு நான் சொல்றேன்."

நாங்கள் மறுபடி உட்கார்ந்தோம். கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்கிற குரலில் முதலிலிருந்து படித்தார். சுடுகிற கதவு, விளக்குப் பிடிக்கிறவன், வெந்து செத்தான்.

"அது நானில்ல. அவருதான்."

ஈர விறகு மூட்டி, காவல்காரன், புகையில்.

"அது நான்."

தெளிந்த தொட்டி, நாலு பேரும்.

"நான். நாலுமே நான்."

பாலம், வைத்தியன், வழுக்கி.

"பாசி பச்சையா இருந்துச்சா, கருப்பா?"

"கருப்புங்க."

"அப்ப நான்தான்."

அக்கா உள்ளே விரல் மடக்கி எண்ணுவது கேட்டது. கை போதாமல் சுவரில் ஏதோ கொண்டு கோடு போடுகிற சத்தம் வந்தது. ஹட்டிக்காரர் தன் ஆள் ஒவ்வொன்றும் வரும்போது, "பாவம், நல்ல பையனுங்க," என்றார். ஒரு பாம்பு விஷயத்தில் பாயம்மாவுக்கும் கண்டக்டருக்கும் வாக்குவாதம் வந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை, அவர் மாற்றிவிட்டார் என்றார் பாயம்மா. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. டீ இன்னொரு தரம் வந்தது.

கடைசிப் பக்கம் முடிந்தது. கண்டக்டர் நோட்டை மூடினார்.

மச்சான்தான் கேட்டார்.

"மொத்தம் எத்தன?"

திரைக்குப் பின்னால் அக்கா கோடுகளை எண்ணினார். ஒருமுறை எண்ணி, சந்தேகப்பட்டு இன்னொரு முறை எண்ணினார்.

"முப்பத்தொண்ணு."